300டி வயிற்றுக்குள் ஒரு 10டி

கேமரா ஆசாமிங்க நாலு பேர் கூடினா பேச்சு மெகாபிக்சல்ல ஆரம்பிச்சு, கேனானா நிகானாங்கிற சண்டையில முடியும். இது அந்தச் சண்டைக்கான பதிவு இல்லீங்க. ஆரம்ப நிலை டிஜிட்டல் எஸ்எல்ஆர்னு ஒரு வகை 2003-ல் பிறந்தது. அதுக்குப் பிறகு வந்த மாடல்களை வரிசையா வெச்சுப் பார்த்தா, எதையெல்லாம் சேர்த்தார்கள் என்பதைவிட எதையெல்லாம் எடுத்தார்கள், எதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டே பூட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கதையாகத் தெரியுது. புதுசா கத்துக்க வர்றவனுக்கு என்ன போதும் என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்த கதை அது.

முன்கதை சுருக்கமா. 1991-ல் கோடாக் நிறுவனம் நிகான் எஃப்3 உடம்பை எடுத்து, அதில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி டிசிஎஸ் என்று விற்றது. படங்களைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் வைத்த தனிப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அலையணும். விலை ஒரு நல்ல காரின் விலை. பத்திரிகை அலுவலகங்கள் தவிர வேற யாரும் அந்தப் பக்கம் போகலை. 1999-ல் நிகான் டி1 வந்தது, 2.7 மெகாபிக்சல், விலை ஐயாயிரம் டாலருக்கு மேல். 2000-ல் கேனான் டி30. 2002-ல் கேனான் டி60, நிகான் டி100. இரண்டும் ஆறு மெகாபிக்சல், இரண்டும் சுமார் 2,000 டாலர். 2003 தொடக்கத்தில் கேனான் 10டி 1,499 டாலருக்கு வந்தபோது, 'அடேங்கப்பா, இவ்வளவு குறைஞ்சிடுச்சா' என்று சந்தோஷப்பட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் அடங்குறதுக்குள்ள, அதே வருஷம் ஆகஸ்ட் 20-ந் தேதி கேனான் இன்னொண்ணை அறிவிச்சது. இஓஎஸ் 300டி. அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபெல், ஜப்பானில் கிஸ் டிஜிட்டல். உடம்பு மட்டும் 899 டாலர், 18-55 மி.மீ. லென்ஸோடு 999. ஆயிரம் டாலருக்குள்ள லென்ஸோட ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர்! அதுவரைக்கும் எஸ்எல்ஆர் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டிருந்த கூட்டம் முழுக்க உள்ளே நுழைஞ்சது இந்தக் கேமராவாலதான்.

இதில் என்ன வேடிக்கைன்னா, 300டி-க்குள் இருந்தது 10டி-யில் இருந்த அதே 6.3 மெகாபிக்சல் சீமாஸ் சென்சார், அதே டிஜிக் சிப், ஃபோகஸுக்கு அதே ஏழு புள்ளிகள். எடுக்கிற படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுன்னு சொல்றது கஷ்டம். அப்ப 500, 600 டாலர் எங்கே மிச்சமாச்சு?

கொஞ்சம் நிஜமாகவே செலவில் மிச்சமானது. 10டி-க்கு மெக்னீசியம் கலவை உடம்பு, 300டி-க்கு வெள்ளி நிற பிளாஸ்டிக். 10டி-யின் வியூஃபைண்டரில் திடக் கண்ணாடிப் பட்டகம் இருந்தது. 300டி-யில் அதுக்குப் பதில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய பென்டாமிரர். எடை குறையும், விலை குறையும், வெளிச்சமும் குறையும். ஃபிலிம் எஸ்எல்ஆரில் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும். 10டி-யில் பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு பெரிய சக்கரம் உண்டு, 300டி-யில் அது இல்லை. இதெல்லாம் நியாயமான வெட்டு. காசு கொடுக்கலை, பொருள் இல்லை. அதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம்.

இன்னொரு வகை வெட்டுதான் என்னை யோசிக்க வைக்குது.

ஃபிளாஷ் எவ்வளவு அடிக்கணும்னு கூட்டிக் குறைக்கிற வசதி (ஃபிளாஷ் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) 300டி-யில் கிடையாது. வீட்டில் குழந்தை கேக் வெட்டும்போது ஃபிளாஷ் போட்டு எடுத்தா முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப்போகுது, ஒரு படி குறைக்கலாம்னா வழியில்லை. ஒளியை அளக்கும் முறையை நாம தேர்ந்தெடுக்க முடியாது; மேனுவலில் வைத்தால் தானாகவே ஒரு முறைக்கு மாறும், மற்றதில் வேறொன்று. ஃபோகஸ் ஒருதடவை பூட்டிக்கணுமா, ஓடுற ஆளைத் துரத்தணுமா என்பதையும் கேமராவே முடிவு பண்ணும். துரத்தித்தான் ஆகணும்னு சொல்லணும்னா, ஓடுகிற மனுஷன் படம் போட்ட 'ஸ்போர்ட்ஸ்' மோடுக்குப் போகணும். அங்கே போனா மத்த எல்லாம் கேமரா கையில். நடுங்காமல் எடுக்கக் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கும் மிரர் லாக்கப் இல்லை. ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் இல்லை.

இதில் ஒண்ணுக்குக்கூட தனியா ஒரு உதிரிபாகம் தேவையில்லை. எல்லாம் மென்பொருள் சமாச்சாரம்.

இது ஊகம் இல்லை, நிரூபணமும் ஆச்சு. ரஷ்யாவிலிருந்து 'வாஸ்யா' என்ற பெயரில் ஒருத்தர் 300டி-யின் ஃபர்ம்வேரைத் திருத்தி இணையத்தில் விட்டார். அதைக் கேமராவில் ஏத்தினா மெனுவில் புதுசா வரிகள் முளைக்கும். ஃபிளாஷைக் கூட்டிக் குறைக்கலாம், கண்ணாடியைத் தூக்கி வைக்கலாம், ஐஎஸ்ஓ 3200 போகலாம், ஃபோகஸ் முறையை நாமே தேர்ந்தெடுக்கலாம். நிறுவனம் அங்கீகரிக்காத வேலைதான், ஏதாவது ஆனா வாரண்டி கேட்டு நிற்க முடியாதுதான். ஆனாலும் உலகம் பூரா ஆயிரம் டாலர் போட்டு வாங்கினவங்க கையை நடுங்க வெச்சுக்கிட்டு அதை ஏத்தினாங்க. மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தவன், பூட்டிக் கிடந்த அறைக்குச் சாவி கிடைச்சுத் திறந்து பாத்தா உள்ளே கட்டில் மெத்தையெல்லாம் தயாரா இருந்த கதை.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. 'ஆரம்பக்காரனுக்கு இவ்வளவு போதாதா, எல்லாத்தையும் கொடுத்துக் குழப்பணுமா' என்று கேட்பவர்கள் உண்டு. அவங்களுக்கு நான் காட்டறது பென்டாக்ஸ் கே1000. 1976-லிருந்து 1997 வரைக்கும் வந்த ஃபிலிம் கேமரா. உலகத்தில் எத்தனையோ புகைப்பட வகுப்புகளில் மாணவன் கையில் கொடுத்த முதல் கேமரா அதுதான். அதில் ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஃபோகஸ், ஆடுகிற ஒரு மீட்டர் முள், அவ்வளவுதான். ஆட்டோ என்ற பேச்சே கிடையாது. ரொம்பக் குறைச்சலான கேமரா. ஆனா இருக்கிறது எல்லாமே உங்க விரல்ல இருக்கும், தப்பா எடுத்தா ஏன் தப்புன்னு தெரியும். 300டி-யில் வசதி அதைவிடப் பல மடங்கு. ஆனா படம் வெளுத்துப்போனா அதைச் சரிபண்ணும் திருகாணி எங்கேன்னு தேடினா, அது உள்ளே இருக்கு, நமக்குத் தரலை. கத்துக்கிறவனுக்கு இந்த ரெண்டும் ஒண்ணு கிடையாது.

சரி, நிகான் பக்கம் வருவோம்.

2004 ஜனவரியில் நிகான் டி70-ஐ முறையாக அறிவித்தது. உடம்பு 999 டாலர், 18-70 மி.மீ. லென்ஸோடு 1,299. கேனானைவிட 300 டாலர் அதிகம். நான் பின்னாளில் பழசாக வாங்கின 300டி-யும் டி70-யும் இப்பவும் என்கிட்ட ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திக் கையில் எடுத்தா அந்த 300 டாலர் எங்கே போச்சுன்னு விரலுக்கே தெரியும்.

டி70-க்கு இரண்டு சக்கரம். மேனுவலில் பின்பக்கச் சக்கரத்தைக் கட்டைவிரல் உருட்டினா ஷட்டர், முன்பக்கச் சக்கரத்தை ஆள்காட்டி விரல் உருட்டினா அபெர்ச்சர். கண்ணை எடுக்காமலே ரெண்டையும் மாத்தலாம். 300டி-யில் ஒரே சக்கரம். அபெர்ச்சரை மாத்தணும்னா பின்பக்கம் ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மேலே சக்கரத்தை உருட்டணும். பழகிட்டா முடியும். ஆனா ஷட்டரும் அபெர்ச்சரும் தராசுத் தட்டு மாதிரி ஒண்ணு ஏற ஒண்ணு இறங்கணும் என்பது எனக்கு மண்டையில் ஏறினது டி70-யின் இரண்டு சக்கரத்தில்தான். புத்தகத்தில் பத்து தடவை படிச்சும் ஏறலை.

அப்புறம் வேகம். 300டி-யை ஆன் செய்தால் ரெண்டு மூணு நொடி யோசிக்கும். தூங்கிப்போன கேமராவை எழுப்பினாலும் அப்படித்தான். டி70 ஆன் பண்ணின உடனே தயார். 300டி தொடர்ச்சியா நாலு படம் எடுத்துட்டு மூச்சு வாங்கும், டி70 நல்ல கார்டு போட்டா ஜேபெக்கில் எடுத்துக்கிட்டே இருக்கும். ஷட்டர் 1/8000 நொடி வரை, 300டி-யில் 1/4000. ஃபிளாஷோடு 1/500 நொடியில் எடுக்கலாம். 300டி-யில் 1/200 வரைதான். உச்சி வெயிலில் முகத்து நிழலை ஃபிளாஷால் நிரப்ப நினைக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். (சென்சாரையே மின்னணு ஷட்டராகவும் பயன்படுத்தினதால் வந்த லாபம் அது.) புள்ளி அளவு இடத்தில் ஒளி அளக்கும் ஸ்பாட் மீட்டரிங், தனியா நிக்கிற ஃபிளாஷைக் கம்பியில்லாமல் இயக்குகிற வசதி, வியூஃபைண்டரில் வேணும்னா வர்ற கட்டக்கோடு, எல்லாம் திறந்த வீடு.

டி70 குறையே இல்லாததுன்னு சொல்ல வரலை. அதோட வியூஃபைண்டரும் பென்டாமிரர்தான், சின்னதுதான். நெருக்கமான நெசவுள்ள துணியை எடுத்தா வானவில் அலை மாதிரி மொய்ரே வரும். சில கேமராக்களில் பச்சை விளக்கு மினுக்கிக்கிட்டே உயிர் போகும் கோளாறு வந்து, 2005-ல் நிகான் அதை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. தோல் நிறத்துக்கு 300டி-யின் ஜேபெக்தான் எனக்குப் பிடிக்கும். (நிகான் அன்பர்கள் கல் எடுக்க வேண்டாம், தனிப்பட்ட கருத்து.)

கேனான் பூட்டினதுக்கும் நிகான் திறந்து விட்டதுக்கும் காரணம் ஒருத்தர் கெட்டவர், ஒருத்தர் வள்ளல் என்பதா? எனக்கு அப்படித் தோணலை. தேதிகளைப் பாருங்க. 300டி வந்தபோது 10டி-க்கு ஆறு மாசம்தான் வயசு. அதே சென்சார், 600 டாலர் குறைச்சல். எல்லாத்தையும் திறந்து விட்டிருந்தா 10டி-யை யார் வாங்குவா? மூத்த பிள்ளைக்குக் கல்யாணம் ஆகணுமேன்னு இளையவளை அலங்காரம் பண்ணாம நிறுத்தின கதை. நிகானுக்கோ டி100 அப்பவே ரெண்டு வயசுக் கிழம். அதைக் காப்பாத்த வேண்டிய அவசியம் இல்லை. 300டி ஏற்கனவே சந்தையை அள்ளிக்கிட்டுப் போகுது, 300 டாலர் அதிகமாகக் கேக்கணும்னா எதையாவது கொடுத்தே ஆகணும். அதனால் கொடுத்தார்கள். டி100-க்கு அடுத்ததான டி200 வந்தது 2005 நவம்பரில்தான். அதுவரை டி70-தான் வீட்டுக்கு மூத்தவன் மாதிரி நடந்துக்கிட்டது.

இந்தக் கணக்கு சரிதான் என்பதற்கு 350டி சாட்சி. 2004 ஆகஸ்டில் கேனான் 20டி-யைக் கொண்டுவந்தது: 8.2 மெகாபிக்சல், நொடிக்கு 5 படம், ஒன்பது ஃபோகஸ் புள்ளி. இப்ப மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நிஜமான இடைவெளி வந்தாச்சு, பூட்டு தேவையில்லை. 2005 பிப்ரவரியில் வந்த 350டி-யில் ஃபிளாஷ் கூட்டல் கழித்தல், மிரர் லாக்கப், அளக்கும் முறை, ஃபோகஸ் முறை எல்லாம் ராஜபாட்டையாக மெனுவில் வந்து உக்காந்துக்கிச்சு. ஆன் பண்ணினா உடனே தயார். டி70 கொடுத்த அடியும் இதில் பாதி வேலை செஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். அதே வருஷம் நிகான் டி70எஸ்-ஐ விட்டபோது, பழைய டி70 வெச்சிருந்தவங்களுக்கும் மேம்பட்ட ஃபோகஸையும் புது மெனுவையும் ஃபர்ம்வேர் வழியாகக் கொடுத்தது. வாஸ்யா திருட்டுச் சாவி செஞ்ச இடத்தில் இங்கே வீட்டுக்காரரே சாவி கொடுத்தார்.

ஆனா 350டி-யில் கை வெச்ச இடம் வேற. 560 கிராம் இருந்த உடம்பை 485 கிராமாக்கி, பிடியையும் சுருக்கிட்டாங்க. என் கையில் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, கீழே தொங்கும். சின்னக் கை உள்ளவங்க 'இதுதான்டா கேமரா' என்றார்கள். கடையில் கையில் பிடிச்சுப் பார்க்காமல் எஸ்எல்ஆர் வாங்காதேன்னு சொல்ற பழக்கத்தை எனக்குக் கொடுத்தது 350டி-தான்.

பென்டாக்ஸைச் சொல்லாம விட்டா பாவம். 2004-ல் வந்த *இஸ்ட் டிஎஸ் சின்ன உடம்பு, அதில் நிஜமான கண்ணாடிப் பட்டகம், பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி. ஒலிம்பஸ் தூசி உதறும் சென்சாரையும், 2006-ல் இ-330-யில் திரையைப் பார்த்தே எடுக்கும் லைவ் வியூவையும் முதலில் கொண்டுவந்தது. கோனிகா மினோல்டா 5டி-யில் நடுக்கம் தடுக்கும் வசதி கேமரா உடம்புக்குள்ளேயே இருந்தது. 2006 ஜனவரியில் அவங்க கடையை மூட, சோனி வாங்கி ஆல்ஃபா 100-ஆகத் தொடர்ந்தது. சின்ன வீட்டுக்காரங்கதான் விருந்தாளிக்கு அதிகமா பரிமாறினாங்க. கூட்டம் என்னவோ பெரிய வீட்டுக்குத்தான் போச்சு.

2006 நவம்பரில் நிகான் டி40 வந்தது. லென்ஸோடு 599 டாலர். இதைப்பத்தி எனக்கு ரெண்டு மனசு.

நிகான் 1986-ல் எஃப்501-இல் ஆட்டோஃபோகஸ் கொண்டுவந்தபோது மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்தது. மவுண்ட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் முனை நீட்டிக்கிட்டிருக்கும், அது லென்ஸைத் திருகும். கேனான் 1987-ல் இஓஎஸ் ஆரம்பித்தபோது மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. அதனால் எந்த ஈஎஃப் லென்ஸும் எந்த இஓஎஸ்ஸிலும் ஃபோகஸ் ஆகும். டி40-யில் நிகான் அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டாங்க. மோட்டார் உள்ளே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ்கள்தான் தானா ஃபோகஸ் ஆகும். மத்தது மாட்டலாம், கையால் திருகலாம். யாருக்கு அடி? கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக எல்லாரும் வாங்குற மலிவான, வெளிச்சமான 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை ஆசையா வாங்கின ஆரம்பக்காரனுக்கு. காசு உள்ளவனிடம் ஏஎஃப்-எஸ் லென்ஸ் இருக்கு, இல்லாதவன் கையால் திருகணும். அவனுக்கென்று மலிவான 35 மி.மீ. எஃப்/1.8ஜி வந்தது 2009-ல்தான்.

அதே சமயம் டி40 மாதிரி வாத்தியார் வேலை பார்த்த கேமராவும் குறைவு. பின் திரையில் அபெர்ச்சர் திறந்து மூடுவதைப் படமாகவே காட்டும், புரியலைன்னா கேள்விக்குறிப் பொத்தானை அமுக்கினா விளக்கம் வரும். மெகாபிக்சல் போட்டி நடக்கிற காலத்தில் ஆறிலேயே நின்னது. கையில் உக்காரும் விதம் 350டி-யைவிட எவ்வளவோ மேல்.

மோட்டாரை எடுத்தது செலவு, எடை என்று ஒத்துக்கலாம். ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டிக் குறைத்து மூணு படம் எடுக்கும் பிராக்கெட்டிங்? டி50-யில் இருந்தது, டி40-யில் இல்லை. அதுக்குப் பிறகு டி60, டி3000 என்று போய் 2018-ல் வந்த டி3500 வரைக்கும் அந்த வரிசைக்கு அது திரும்பவே இல்லை. அது நாலு வரி மென்பொருள். 2016-ல் வந்த டி3400-யில், முந்தைய டி3300-யில் இருந்த மைக் துளையையும் சென்சார் தூசி உதறலையும்கூட எடுத்தார்கள்.

நடுவில் வீடியோ வந்தது. 2008-ல் நிகான் டி90, 2009-ல் கேனான் 500டி. மறுபடியும் பூட்டு, மறுபடியும் சாவி: மேஜிக் லேண்டர்ன் என்ற பெயரில் தன்னார்வலர்கள் எழுதின கூடுதல் மென்பொருளை 550டி-யில் ஏத்திக் குறும்படம் எடுத்தவங்க நம்ம பக்கத்திலும் இருக்காங்க.

2018-ல் கேனான் 3000டி-யில் லென்ஸ் மாட்டும் வளையத்தையே பிளாஸ்டிக் ஆக்கினாங்க, ஆன்/ஆஃப் சுவிட்சைத் தனியா வைக்காம மோட் டயலில் சேர்த்தாங்க. அதையும் விலைன்னு விட்டுடலாம். 1500டி-யிலும் 2019-ல் வந்த 200டி II-விலும் செய்ததுதான் விசேஷம். கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், நடுவில் ஒரு உலோகப் புள்ளி இருக்கும். எந்த கம்பெனி ஃபிளாஷாக இருந்தாலும் 'இப்ப அடி' என்று சொல்வது அந்தப் புள்ளிதான். அந்த நடுப்புள்ளியை எடுத்துட்டாங்க. கேனானோட சொந்த ஃபிளாஷ் மத்த புள்ளிகள் வழியாகப் பேசிக்கொள்ளும். வெளியார் ஃபிளாஷ் வெச்சிருந்தவங்கதான் முழிச்சாங்க. ஃபிளாஷைக் கூட்டிக் குறைக்க விடாமல் ஆரம்பிச்ச வரிசை, பதினாறு வருஷம் கழிச்சு நாலாயிரம் ரூபாய் ஃபிளாஷை வேலை செய்ய விடாமல் வந்து நின்னது.

இந்த வகையின் ஓட்டமும் அதோடு ஓய்ஞ்சது. 2022-ல் நிகான் ஜப்பானில் டி3500, டி5600 இரண்டையும் பழைய தயாரிப்புகள் பட்டியலுக்கு மாற்றியது. கண்ணாடியில்லாத கேமராக்களின் காலம். அங்கேயும் கீழ்ப்படி மாடல்களில் இந்த வெட்டு வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு, அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

கத்துக்கப் பழைய கேமரா ஒண்ணு வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. மெகாபிக்சல் பார்க்காதீங்க. ரெண்டு சக்கரம் இருக்கா, மவுண்ட்டில் அந்த ஸ்க்ரூடிரைவர் முனை நீட்டிக்கிட்டிருக்கா, ஃபிளாஷ் மாட்டுற இடத்தில் நடுப்புள்ளி இருக்கா, பிடியில் உங்க சுண்டுவிரல் உக்காருதா, இதைப் பாருங்க. இருபது வருஷத்துக்கு முந்தின டி70-யில் அந்த 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை மாட்டினா 'கிர்ர்ர்'னு சத்தம் போட்டுக்கிட்டே ஓடி ஃபோகஸ் ஆகும். டி3500-இல் ஆகாது.